மறு: மறு: 'டேக்' - தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

எல்லாருக்கும் வணக்கம். பேஸ்பாலின் தங்கை ஆட்டமான சாஃப்ட்பாலின் நடுவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, நான் 'டேக்' (tag) என்ற ஒரு சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன். தொடுகை என்று போட்டுவிட்டு எப்போதோ நகர்ந்திருப்பேன், ஆனால் இந்த ஆட்டத்தில் ஆளாளுக்கு எதையாவது தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஓடுபவர் தளத்தை, அதாவது பேஸை, தொட்டால் சேஃப். பந்தை வைத்திருக்கும் காப்பாளர் ஓடுபவரைத் தொட்டால் அவுட். பின்னால் வருபவருக்கு இடம்விட்டு ஓடியே தீர வேண்டிய நிலை என்றால் ஆளைத் தொடவே வேண்டாம், பந்தோடு தளத்தைத் தொட்டாலே அவுட். உயரே போன பந்தைப் பிடித்துவிட்டால் ஓடுபவர் பழைய தளத்தைத் தொட்டுவிட்டுத்தான் மேலே ஓடலாம், ஆங்கிலத்தில் அதற்கும் டேக்தான். நாமோ எழுவாயை விழுங்கி எழுதுகிறவர்கள். "தளத்தைத் தொட்டதால் அவுட்" என்றால் தொட்டது யார்?

---

தம்பி, ஐம்புலன்களில் இதற்கென்றே ஒரு சொல் காத்துக்கிடக்கிறது: ஊறு. சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்று வள்ளுவர் அடுக்கவில்லையா? கெடு கேடானது போல, சுடு சூடானது போல உறு ஊறானது, முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஓரறிவு உயிரைத் தொல்காப்பியர் "உற்றறிவதுவே" என்பதும் இந்த உறுதான். உறவு, உற்றார், உறுப்பு எல்லாம் இதிலிருந்து கிளைத்த கதையைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். என் பரிந்துரை: ஊற்றாட்டம்.

---

ஐயா, பொறுத்தருள்க. ஊற்றாட்டம் என்றால் பிள்ளைகள் தண்ணீர் விளையாட்டு என்று நினைப்பார்கள், வெறும் ஊறு என்று விட்டால் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். உறு ஊறானால் தொடு தோடாகட்டும், காதிலாவது போட்டுக்கொள்ளலாம்.

நான் பெண்கள் அணிக்குப் பயிற்சி தருகிறவள். சொல் என்னவாக இருந்தாலும் அதற்குள் பந்து இருக்க வேண்டும். புது நடுவர்கள் சறுக்குவது அங்கேதான். வலக்கையில் பந்து, இடக்கையில் வெறும் கையுறை, கையுறையால் ஓடுபவரைத் தட்டுகிறாள், நடுவர் உடனே கைமுட்டியை உயர்த்தி அவுட் என்றுவிடுகிறார். அது அவுட்டே இல்லை, பந்து இருக்கும் கை பட்டிருக்க வேண்டும். பட்ட வேகத்தில் பந்து நழுவி விழுந்தாலும் இல்லை. அதனால்தான் தொட்டதைப் பார்த்தவுடன் கூவாதே, பந்து இன்னும் கையுறைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூவு என்று நடுவர்களுக்குச் சொல்லித்தருகிறோம். ஆகவே: பந்துத்தொடுகை.

---

பந்துத்தொடுகை என்றால் பந்தைத் தொடுவதா, பந்தால் தொடுவதா? வேற்றுமைத்தொகையைப் பதின்ம வயதுப் பிள்ளைகள் தலையில் ஏற்ற வேண்டாம். 'தீண்டல்' என்ன பாவம் செய்தது? "மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்" என்று குழந்தையின் தொடுதலுக்கே வந்த சொல்.

---

> தீண்டல் என்ன பாவம் செய்தது?

அந்தச் சொல்லை வைத்து ஊரார் செய்த பாவம் போதாதா? 'தீண்டினார், அவுட்' என்று ஒரு பள்ளிப் புத்தகத்தில் அச்சாக நான் சம்மதிக்க மாட்டேன். வள்ளுவர் காலத்தில் சொல் சுத்தமாக இருந்திருக்கலாம், நம் கைக்கு வரும்போது அப்படி இல்லை.

என் கட்சி 'ஒற்று'. கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அந்த ஒற்று. தொடுவது பட்டவுடன் முடிந்துவிடும், ஒற்றுவது சற்று நேரம் வைத்திருப்பது. இது வெறும் சொல்லழகு இல்லை. மேஜர் லீக் பேஸ்பாலில் 2014 முதல் காணொளி மறுஆய்வை விரிவாக்கினார்களே, அதன்பின் எத்தனை பேர் இதில் மாட்டினார்கள்! ஓடுபவர் சறுக்கி முதலில் தளத்தைச் சேர்ந்துவிடுகிறார், ஆனால் வந்த வேகத்தில் உடம்பு ஒரு நூலளவு தளத்தைவிட்டு எழும்புகிறது, அந்த நொடியில் காப்பாளரின் கையுறை இன்னும் அவர் மேலேயே இருந்தால் அவுட். அந்தக் கையுறை செய்வதற்குப் பெயர் ஒற்றல்தான். ஆளை ஒற்றுவது, தளத்தை மிதிப்பது என்று வினையையே பிரித்துவிட்டால் தம்பியின் எழுவாய்ச் சிக்கலும் தீர்ந்தது.

---

ஒற்று + ஆட்டம் = ஒற்றாட்டம். ஒற்றாடல் அதிகாரத்தைப் படித்த எவனும் வேவு பார்க்கும் விளையாட்டு என்பான். கூடவே "இங்கே ஒற்று மிகுமா" என்று கேட்க இந்தக் குழுவிலேயே பத்துப் பேர் உண்டு. மிதிப்பதும் சரிவராது, பாதிப் பேர் தலைகீழாகப் பாய்ந்து கையால்தான் தளத்தைப் பிடிக்கிறார்கள்.

---

நன்றி, நன்றி. 'சேஃப்' பற்றியும் சொல்லிவிடுங்கள். முதல் வரைவில் 'பிழைத்தார்' என்று எழுதினேன், ஆனால் இந்த ஆட்டத்தில் காப்பாளரின் தவறையும் கணக்கில் 'பிழை' என்று தனியாகக் குறிக்கிறார்கள், இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து மோதுகின்றன.

---

'தப்பினார்' போடலாமே.

---

தப்பும் பிழைதானே! தவறுவதற்கும் உயிரோடு மீள்வதற்கும் நம் மொழி ஏன் ஒரே வேரை வைத்துக்கொண்டது என்பதை ஐயா இன்னொரு தனி மடலில் ஆராயட்டும். நடுவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து ஒரே மூச்சில் கத்த வேண்டும், 'ஆட்டமிழக்கவில்லை' என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். சேஃப், அவுட் இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

---

சரி, இதுவரை வந்ததைக் கூட்டிப் பார்த்தேன். தொடுகைக்கு ஐந்து பேர், ஒற்றுக்கு இரண்டு, ஊறுக்கு ஐயா ஒருவர். ஆளைத் தொட்டால் 'தொடுகை', ஓடுபவர் என்றால் 'தளம் சேர்ந்தார்', ஓடியே தீர வேண்டிய இடத்தில் 'கட்டாய அவுட்', பழைய தளத்தைத் தொட்டுவிட்டு ஓடுவதற்கு 'மீள்தொடுகை'. எந்த வாக்கியத்திலும் எழுவாயை விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், நீளம் கூடினால் கூடட்டும்.

---

'கட்டாய அவுட்' என்றால் கட்டாயம் அவுட் என்று படிப்பார்கள் தம்பி. பின்னால் வந்தவர் முதலில் அவுட்டாகிவிட்டால் முன்னால் ஓடுபவருக்குக் கட்டாயமே கிடையாது, அப்புறம் அவளை ஒற்றித்தான் ஆக வேண்டும். போன மாதம் ஒரு ஆட்டத்தில் நடுவர் இதைத்தான் கோட்டைவிட்டார். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டீர்களா?

---

பயிற்சியாளர் அக்காவே 'ஒற்றி' என்று எழுதிவிட்டார். என் கணக்கில் இப்போது மூன்று.