ஒரு தளத்தை ஐஎஸ்பி (இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனம்) வழியாக முடக்குவது சரியா?

சிம்மக்கல்:
2019 ஏப்ரல் 3-ல் ஹைகோர்ட் மதுரைக் கிளை டிக்டாக் டவுன்லோடைத் தடை செய்யச் சொன்னது. இரண்டே வாரத்தில் கூகுளும் ஆப்பிளும் தூக்கிவிட்டன. உத்தரவு போட்டால் நடக்கும். போலி வங்கித் தளங்களையும் இப்படியே ஐஎஸ்பி-யை வைத்து அடைக்க வேண்டியதுதானே?

ஒத்தக்கடை:
அண்ணே, அதைத் தூக்கியது ஆப் ஸ்டோர். ஐஎஸ்பி இல்லை. ஏற்கெனவே போனில் இருந்தவர்களுக்கு ஆப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏப்ரல் 24-ல் தடையும் போச்சு. 2020 ஜூனில் ஐடி சட்டத்தின் 69ஏ பிரிவில் (இணையத்தில் இருப்பதை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு) 59 ஆப்களை மத்திய அரசு முடக்கியது வேறு கதை.

ஐஎஸ்பி கையில் இருப்பது முக்கியமாக மூன்று வழி. தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்-ல் தவறான முகவரி கொடுக்கலாம். போனில் பிரைவேட் டிஎன்எஸ் மாற்றினால் தாண்டிடலாம். ஐபி-யை அடைக்கலாம், பல தளங்களுக்கு முன்னால் நிற்கும் கிளவுட்ஃபிளேர் மாதிரி இடத்தில் ஒரே ஐபி-யில் ஏகப்பட்ட தளம், சம்பந்தமில்லாததும் சேர்ந்து விழும். மூன்றாவது, எஸ்என்ஐ (இணைப்பு தொடங்கும்போது போன் அனுப்பும் தளத்தின் பெயர்) பார்த்து இணைப்பை அறுப்பது. மறையாக்கம் செய்த எச்டிடிபிஎஸ் இணைப்பில் ஐஎஸ்பி-க்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டும்தான், எந்தப் பக்கம் என்று தெரியாது. ஒரு பக்கத்தை அடைக்கச் சொன்னால் முழுத் தளமும் போகும்.

சிம்மக்கல்:
எத்தனை பேர் டிஎன்எஸ் மாத்துறாங்க தம்பி? போலி வங்கித் தளம் தனி டொமைனில் வந்தால் மொத்தமாகப் போகட்டுமே, யாருக்கு நட்டம்?

ஒத்தக்கடை:
தனி டொமைன் என்றால் சரி, அடைங்க. அதே மோசடி கூகுள் ஃபார்மில் வந்தால்? 2014 டிசம்பரில் சில பதிவுகளுக்காக அடைத்த 32 தளங்களில் கிட்ஹப்பும் (புரோகிராம் பகிரும் தளம்) விமியோவும் (வீடியோ தளம்) இருந்தன. பக்கத்தை நீக்க வேண்டியவர் அதை வைத்திருக்கிறவர்தான்.

வில்லாபுரம் கேபிள்:
எப்படி அடைத்திருக்கிறார்கள் என்று பார்க்க: டிஎன்எஸ் மாற்றியதும் திறந்தால் டிஎன்எஸ் தடை. 'கனெக்‌ஷன் ரீசெட்' வந்தால் அநேகமாக எஸ்என்ஐ. சுற்றிக்கொண்டே இருந்து டைம்அவுட் ஆனால் ஐபி-யாக இருக்கலாம், சர்வரே படுத்திருக்கவும் கூடும். 'தளம் முடக்கப்பட்டது' என்ற அறிவிப்புப் பக்கம் பெரும்பாலும் மறையாக்கம் இல்லாத பழைய எச்டிடிபி-யில்தான் வரும், அதனால் வாடிக்கையாளர் இணைப்பு கொடுக்கிற நம்மைத்தான் திட்டுவார்.

சிம்மக்கல்:
உத்தரவுப்படி அடைக்கிறோம் என்று சொல்லிவிட்டு அடைக்கலாமே?

ஒத்தக்கடை:
ஐஎஸ்பி எப்படிச் சொல்வார்? 69ஏ-வுக்கான 2009 விதிகளில் 8-வது விதி, தகவலை வைத்திருப்பவர் பதில் சொல்ல 48 மணி நேரமாவது கொடு என்கிறது. ஆனால் 16-வது விதி எல்லாவற்றையும் ரகசியமாக வை என்கிறது. 2015-ல் சுப்ரீம் கோர்ட் அதே சட்டத்தின் 66ஏ-வை (புண்படுத்தும் பதிவுக்குத் தண்டனை தந்த பிரிவு) ரத்து செய்தது, 69ஏ-வை விட்டுவைத்தது. பாதுகாப்பு நடைமுறைகள் இருக்கே என்பதும் அதற்கு ஒரு காரணம். உத்தரவே கண்ணில் படாவிட்டால் எதை வைத்து கோர்ட்டில் ரிட் மனு போடுவது?

சிம்மக்கல்:
16-வது விதியை மாத்தணும் என்றால் நானும் கையெழுத்துப் போடுறேன். ஆனால் அதுவரை போலி வங்கித் தளத்தை விட்டுவைக்க முடியாது.