எக்ஸ்ரேயில் மீடியாஸ்டினம் (இரு நுரையீரல்களுக்கும் நடுவிலுள்ள மார்புப் பகுதி) புடைத்திருந்தால் என்னவெல்லாம் சந்தேகிக்கலாம்?

கேள்வி:
24 வயது ஆண். மூன்று வாரமாக இருமல், மாலையில் லேசான காய்ச்சல். மார்பு எக்ஸ்ரேயில் மீடியாஸ்டினம் வலப்பக்கமாகப் புடைத்திருக்கிறது, நுரையீரல் தெளிவு. காசநோய் நெறிக்கட்டியா, லிம்போமாவா (நிணநீர்ப் புற்று), வேறு ஏதாவதா? நேரே பயாப்சிக்கு (திசு மாதிரி எடுத்துச் சோதிக்க) எழுதிவிடலாமா?

பதில் 1:
படம் எப்படி எடுத்தது? படுக்கவைத்து ஏ.பி.யாக (கதிர் முன்னிருந்து பின்னாக) எடுத்தாலோ, உடம்பு சற்றுத் திரும்பியிருந்தாலோ, மூச்சை முழுதாக இழுக்காவிட்டாலோ கட்டியே இல்லாமலும் அகலமாகத்தான் தெரியும். நிற்கவைத்து பி.ஏ. (கதிர் பின்னிருந்து முன்னாக), கூடவே ஒரு பக்கவாட்டுப் படம் எடுங்கள்.

கட்டி உறுதி என்றால், இடம் தெரிந்தாலே பட்டியல் பாதியாகிவிடும். முன்பக்கம் என்றால் தைமோமா (தைமஸ் சுரப்பிக் கட்டி), டெரட்டோமா போன்ற ஜெர்ம் செல் (இனப்பெருக்க உயிரணு) கட்டிகள், கழுத்திலிருந்து இறங்கிய தைராய்டு, லிம்போமா. நடுவில் என்றால் பெரும்பாலும் நிணநீர் கணுக்கள்: காசநோய், சார்காய்டோசிஸ் (கணுக்களில் அழற்சி முடிச்சுகள் வரும் நோய்), லிம்போமா, பரவிய புற்று. பின்பக்கம் நரம்புக் கட்டிகள்தான் அதிகம்.

மேல்பகுதிக் கட்டியின் விளிம்பு காரை எலும்பைத் தாண்டியும் கூர்மையாகத் தொடர்ந்தால் அது பின்பக்கம். எலும்பருகே மங்கி மறைந்தால் முன்பக்கம். கட்டியின் நிழலுக்குள்ளேயே ஹைலத்தின் (நுரையீரலுக்குள் குழாய்கள் நுழையும் இடம்) ரத்தக்குழாய்கள் தெரிகின்றனவா? அப்படியானால் அது ஹைலத்தில் இல்லை, முன்னாலோ பின்னாலோ இருக்கிறது.

பதில் 2:
பயாப்சி ஊசி குத்தும் முன் கான்ட்ராஸ்ட் சி.டி. (ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிய மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) கட்டாயம். கட்டி என்று நினைத்தது பெருந்தமனியின் புடைப்பாக இருந்தால், குத்தியபின் திரும்ப வழியில்லை.

இந்த வயது ஆணுக்கு ஜெர்ம் செல் கட்டியையும் நினைத்து விரைகளைத் தொட்டுப் பாருங்கள், ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். ஆகிய ரத்தச் சோதனைகளை அனுப்புங்கள். தைமோமா சந்தேகமா? இமை தொங்கல், மாலையில் கூடும் சோர்வு பற்றிக் கேட்டு, அசிட்டைல்கோலின் ஏற்பி ஆன்டிபாடியும் பாருங்கள். தைமோமாவோடு வரக்கூடிய மயஸ்தீனியா (தசைகள் பலவீனமாகும் நோய்) தெரியாமல் அறுவைக்குப் போனால், முடிந்தபின் சுவாசத் தசைகள் கைவிடும்.

மாதிரி எடுக்கும்வரை ஸ்டீராய்டு வேண்டாம். லிம்போமா சுருங்கிவிட்டால் நோயியல் நிபுணருக்குப் பார்க்க ஒன்றுமிருக்காது. எடுத்த திசுவில் ஒரு பகுதியை ஃபார்மலினில் (கிருமியைக் கொல்லும் பதப்படுத்தும் திரவம்) போடாமல் காசநோய் கல்ச்சருக்கு (கிருமி வளர்ப்புச் சோதனை) வையுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

கேட்டவர்:
மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது என்கிறார். காலையில் முகமும் உப்பியிருக்கிறது.

பதில் 2:
அப்படியானால் இன்றே அட்மிஷன். மேற்பெருஞ்சிரையும் (தலை, கைகளின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரை) மூச்சுக்குழாயும் அழுந்தும் அறிகுறி அது. தலைப்பக்கம் உயர்த்தியே வையுங்கள், மயக்க மருந்து கூடாது. தசை தளர்ந்தால் கட்டி மூச்சுக்குழாய்மேல் சரிந்துவிடும். காரை எலும்புக்கு மேல் கணு தட்டுப்பட்டால், அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து அதிலிருந்தே மாதிரி எடுக்கலாம்.