ஆறு பேர் உள்ள வீட்டுக்கு எத்தனை லிட்டர் ரெசின் வேண்டும்?

மொட்டைமாடி:

வணக்கம். எங்கள் வீட்டுக்குப் போர் தண்ணீர்தான். ஷவரில் பாதித் துளை அடைத்துப்போய், மிச்சத் துளைகளில் தண்ணீர் ஆளுக்கொரு திசையில் பீய்ச்சுகிறது. கீசர் காயிலை மாற்ற வந்தவர் உள்ளேயிருந்து சுண்ணாம்புச் சில்லுகளைக் கைநிறைய அள்ளிக் காட்டினார். இனித் தள்ளிப்போட முடியாது, வாட்டர் சாஃப்ட்னர் வாங்கியே ஆகவேண்டும்.

இரண்டு விற்பனையாளர்களிடம் விசாரித்தேன். ஒருவர் 25 லிட்டர் ரெசின் (சாஃப்ட்னருக்குள் சுண்ணாம்பைப் பிடிக்கும் மணிகள்) தாராளம் என்கிறார். இன்னொருவர் ஆறு பேர் என்றால் 50-க்குக் குறையவே கூடாது என்கிறார். 25 லிட்டர்க்காரர் டி.டி.எஸ். பேனாவைத் தம்ளரில் முக்கி 900 என்று காட்டினார். சாஃப்ட்னர் போட்டால் அது 300-க்கு இறங்கிவிடுமாம். அவருடைய இயந்திரத்தின் அட்டையில் 'ஒரு சுற்றுக்கு 12,000 லிட்டர்' என்று வேறு போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு 1000 லிட்டர் செலவானால்கூடப் பன்னிரண்டு நாள் ஓடும் போலிருக்கிறதே? பிறகு 50 எதற்கு? யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

அவசரக்குடுக்கை:

யோசிக்காமல் பெரியதை வாங்கிப்போடுங்கள் நண்பரே. பெரிது இருந்தால் பிரச்சினையே இல்லை. நாளைக்கு விருந்தாளி வந்தாலும் தாங்கும்.

குழாய்க்காரன்:

பெரிது இருந்தாலும் பிரச்சினை உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த டி.டி.எஸ். பேனாவை ஓரமாக வையுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத் தோராயமாகக் காட்டுகிற கருவி அது. அதில் கால்சியம், மக்னீசியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. சாஃப்ட்னருக்குத் தேவை அந்த இரண்டின் கணக்கு மட்டும்தான். அதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். டி.டி.எஸ். 900 உள்ள தண்ணீரில் கடினத்தன்மை 150 ஆகவும் இருக்கலாம், 600 ஆகவும் இருக்கலாம். சாஃப்ட்னர் எந்த உப்பையும் தூக்கி எறிவதில்லை. ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகின்றன. ஆகவே டி.டி.எஸ். 300-க்கு இறங்காது. சொல்லப்போனால் ஒரு துளி ஏறும். இறங்கும் என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்லும் ரெசின் கணக்கையும் நான் நம்பமாட்டேன்.

அட்டையில் இருக்கும் 12,000 லிட்டரும் அப்படித்தான். எவ்வளவு கடினத்தன்மைக்கு என்று பக்கத்தில் எழுதியிருக்கிறதா? ரெசினின் கொள்திறனைப் பிடித்த சுண்ணாம்பின் கிராமில் சொல்லவேண்டும், தண்ணீரின் லிட்டரில் அல்ல. 25 லிட்டர் ரெசின் ஒரு சுற்றில், அதாவது ஒரு கழுவலுக்கும் அடுத்த கழுவலுக்கும் நடுவே, சுமார் 1200 கிராம் பிடிக்கும் என்று வையுங்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் உள்ள நல்ல தண்ணீரில் அதுதான் 12,000 லிட்டர். 500 உள்ள தண்ணீரில் அதே இயந்திரம் 2400 லிட்டரில் கை விரித்துவிடும்.

நான்கு விஷயங்களை அளந்து எழுதுங்கள். சொட்டுவிட்டுப் பார்க்கும் கிட்டில் கடினத்தன்மை. இரும்புச்சத்து. வீட்டுக்குள் ஒரு நாளைக்கு உண்மையில் எவ்வளவு தண்ணீர் போகிறது, அதில் கழிவறைக்கும் செடிக்கும் எவ்வளவு. மோட்டார் போட்டால் மாடித் தொட்டி நிறைய எத்தனை நிமிடம். ஆள் கணக்கில் பேசினால் இப்படித்தான் ஒருவர் 25 என்பார், ஒருவர் 50 என்பார்.

சொட்டுக் கிட்டில் ஒரு எச்சரிக்கை. திராட்சை ரசம் போன்ற சிவப்பு முதலில் ஊதாவாகும். நிறைய பேர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். சிவப்பின் சாயல் துளியும் இல்லாமல் சுத்த நீலமாகும் வரை விடவேண்டும். கடைசிச் சொட்டுகளுக்கு நடுவே குப்பியை நன்றாகக் குலுக்குங்கள், நிறம் மாறக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

மொட்டைமாடி:

அளந்துவிட்டேன். நீங்கள் சொன்ன அந்த ஊதா ரொம்பவே ஏமாற்றுகிறது. வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தபோதுதான் ஓரத்தில் சிவப்புச் சாயல் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. கடினத்தன்மை 480. இரும்பு 0.5 மில்லிகிராம். வீட்டுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 750 லிட்டர். அதில் ஃப்ளஷ், செடி, வாசல் குழாய் மூன்றும் சேர்ந்து 250. இந்த மூன்றுக்கும் தொட்டியிலிருந்து தனிக் குழாய் இறங்குகிறது. 1000 லிட்டர் தொட்டி 20 நிமிடத்தில் நிறைந்துவிடும், மோட்டார் கொஞ்சம் முரட்டு ஆள். சாஃப்ட்னரை மோட்டாருக்கும் தொட்டிக்கும் நடுவே வைத்துவிடலாம் என்று இருவருமே சொன்னார்கள்.

குழாய்க்காரன்:

தனிக் குழாய் இருப்பது பெரிய வசதி. அந்த 250 லிட்டரை மென்மையாக்கி ஒரு பயனும் இல்லை. செடிக்குச் சோடியம் கெடுதல்கூட. கணக்கில் 500 லிட்டரை மட்டும் எடுப்போம்.

இரும்பும் ரெசினில் போய் ஒட்டும் என்பதால் ஒரு மில்லிகிராம் இரும்பை ஏறக்குறைய 80 மில்லிகிராம் கடினத்தன்மை என்று வைத்துக் கூட்டுவது வழக்கம். உங்கள் 0.5-க்கு 40. ஆக 520. ஒரு நாளைக்கு 500 லிட்டர் என்றால் 260 கிராம் சுமை.

இனி ரெசின். மணிகள் நிறைந்ததும் இயந்திரம் உப்புநீர் விட்டுக் கழுவும்; பிடித்த சுண்ணாம்பு வெளியேறி, மணிகளில் மறுபடி சோடியம் ஏறும். ஒரு லிட்டர் ரெசின் எவ்வளவு பிடிக்கும் என்பது, கழுவும்போது அதற்கு எவ்வளவு உப்புப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. லிட்டருக்கு 100 கிராம் உப்புப் போட்டால் சுமார் 45 கிராம் பிடிக்கும். 240 கிராம் போட்டால் 68 தான் பிடிக்கும். உப்பு இரண்டரை மடங்கு, வேலையோ ஒன்றரை மடங்கு. உங்கள் வீட்டுக்கு இதை வைத்துப் பாருங்கள். 25 லிட்டர் ரெசினுக்கு முழு உப்பு, அதாவது 6 கிலோ போட்டு 1700 கிராம் வேலை வாங்கலாம். 35 லிட்டருக்கு 3.5 கிலோ போட்டு 1575 கிராம் வாங்கலாம். கிட்டத்தட்ட அதே வேலைக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டரை கிலோ உப்பு மிச்சம். அட்டையில் அச்சாகும் எண் பெரும்பாலும் முழு உப்புப் போட்ட எண்தான்.

1575-ஐ 260-ஆல் வகுத்தால் ஆறு நாள். ஒரு நாள் கையிருப்பு வைத்து ஐந்து நாளுக்கு ஒரு கழுவல். அருமையான இடைவெளி. 50 லிட்டர் போட்டால் எட்டு நாளைத் தாண்டும். அவசரக்குடுக்கை நண்பர் சொன்ன 'பெரிது' இங்கேதான் உதைக்கிறது. ரெசின் ரொம்ப நாள் கலைக்கப்படாமல் கிடந்தால் படுகை இறுகும், தண்ணீர் ஒரே வழியாகத் தடம் போட்டு ஓடும், கிருமி வளரும், இரும்பு மணிகளின் மேல் கெட்டியாகப் படிந்துவிடும். இரும்பு இல்லாத தண்ணீராக இருந்தால் நான் இவ்வளவு வலியுறுத்தமாட்டேன்.

அப்படியானால் 25 லிட்டரைக் குறைந்த உப்பில் ஓட்டினால் என்ன, நாலு நாளைக்கு ஒருமுறை கழுவட்டுமே என்று கேட்கலாம். நியாயம்தான். அங்கே தடுப்பது வேகம். ரெசின் தன் கொள்ளளவைப் போல 40 மடங்கு தண்ணீரை ஒரு மணி நேரத்தில் விடலாம், அதற்கு மேல் போனால் சுண்ணாம்பு பிடிபடாமல் நழுவும். 25 லிட்டருக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 17 லிட்டர். இரண்டு ஷவர் ஒன்றாக ஓடினாலே முடிந்தது. 35 லிட்டருக்கு 23 வரும்; இரண்டு ஷவருடன் சமையலறைக் குழாயையும் திறக்கலாம்.

இதே காரணத்தால் மோட்டார் லைனில் வைக்கும் யோசனையை விடுங்கள். 20 நிமிடத்தில் 1000 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 50. அதைத் தாங்க 75 லிட்டர் ரெசின் வேண்டும்! அதுவும் போக, இயந்திரம் நள்ளிரவில் கழுவத் தொடங்கும்போது மோட்டார் ஓடாது, அழுத்தம் இருக்காது. அழுத்தம் இல்லாவிட்டால், கழுவலை நடத்தும் வால்வு உப்புநீரை உறிஞ்சாது. சும்மா சுற்றிவிட்டு, கழுவியாயிற்று என்று காட்டும். வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிடும் வீடுகளில் பாதி இந்த ரகம்தான்.

தொட்டிக்குக் கீழே, ஒரு சின்ன பிரஷர் பம்புக்குப் பின்னால் வையுங்கள். தொட்டியின் உயரத்தை மட்டும் நம்பவேண்டாம்; 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், வால்வுகள் பொதுவாக ஒன்றரை பாருக்குக் குறையாமல் கேட்கும்.

கணக்குப்பிள்ளை:

குழாய்க்காரன் சார், ஒன்று விட்டுப்போயிற்று. குடிக்கும் தண்ணீர். 100 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். இவருக்கு 480, அப்படியென்றால் லிட்டருக்கு 220 மில்லிகிராம் கூடும். 200 வாக்கில் நாக்குக்கே உப்பு தெரியும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. வீட்டில் யாருக்காவது மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

குழாய்க்காரன்:

சரியாகப் பிடித்தீர்கள். சமையலறையில் குடிக்கவும் சமைக்கவும் ஒரு குழாயை அந்த ஃப்ளஷ் லைனிலிருந்து பிரித்து எடுத்துவிடலாம். ஆர்.ஓ. இருந்தால் அதைச் சாஃப்ட்னருக்குப் பின்னால் இணையுங்கள். சோடியத்தில் பெரும்பகுதியை அது எடுத்துவிடும், சுண்ணாம்பு படியாததால் அதன் சவ்வும் நீண்ட நாள் வரும்.

மொட்டைமாடி:

அப்படியே 35 லிட்டரும் பிரஷர் பம்பும் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். விருந்தாளிகள் வந்து ஒரு வாரம் தங்கினால் என்ன ஆகும்? உப்பு 3.5 கிலோதான் போகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

குழாய்க்காரன்:

விருந்தாளிக்கு மீட்டர் வால்வு பதில் சொல்லும். நாள் கணக்கில் ஓடும் டைமர் வால்வை வாங்காதீர்கள், ஓடிய லிட்டரை எண்ணுவதை வாங்குங்கள். பத்துப் பேர் இருந்தால் மூன்று நாளில் கழுவும், நீங்கள் ஊருக்குப் போனால் சும்மா இருக்கும். இரும்பு இருப்பதால் 'எப்படியும் ஏழு நாளுக்கு ஒருமுறை' என்ற அமைப்பை மட்டும் போடச் சொல்லுங்கள்.

உப்பை யாரும் எடை போட்டுப் போடுவதில்லை. உப்புத் தொட்டிக்குள் வால்வு விடும் தண்ணீரே அளவு. ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பைக் கரைக்கும், அதற்கு மேல் கரைக்காது. 3.5 கிலோவுக்குப் பத்து லிட்டர் போகவேண்டும். பொருத்த வருபவர் அந்தக் குழாயை ஒரு பக்கெட்டில் விட்டுக் காட்டட்டும். இருபத்துமூன்று லிட்டர் வந்தால் கம்பெனி வைத்த முழு உப்பு அளவில்தான் இருக்கிறது என்று அர்த்தம். நிரப்பும் நிமிடத்தைக் குறைக்கச் சொல்லி மறுபடி அளந்துவிட்டு, அப்புறம் உப்பைக் கொட்டுங்கள்.