லினக்ஸ் நெட்வொர்க் டிரைவர்: செட்டப்பை ஒன்றாக்க யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே, புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் இரண்டு மெய்நிகர் நெட்வொர்க் டிரைவர்களிலும் செட்டப் கோடு (டிவைஸின் தொடக்க மதிப்புகளை அமைக்கும் நிரல்) வரிக்கு வரி ஒன்றுதான். எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500, முகவரி 6 பைட் என்பதையெல்லாம் கெர்னலின் (லினக்ஸின் மையப்பகுதி) ‘ஈதர்_செட்டப்’ ஃபங்ஷன் நிரப்பிவிடுவதால் அவற்றைத் தூக்கிவிட்டேன்.

சிக்கல் டிவைஸை கெர்னலில் பதிவு செய்யும் இடத்தில். மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் டிரைவர் கோப்பு) ஏறும்போது, பதிவு செய்யும் ‘ரிஜிஸ்டர்_நெட்டெவ்’ ஃபங்ஷன் தானே ஆர்டிஎன்எல் பூட்டை (நெட்வொர்க் அமைப்புகளை ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் காப்பது) போட்டுக்கொள்ளும். டிவைஸை உருவாக்கும் ‘ஐபி லிங்க் ஆட்’ கட்டளை வழியாக வந்தாலோ பூட்டு ஏற்கெனவே விழுந்திருக்கும். அங்கே ‘ரிஜிஸ்டர்_நெட்டெவ்’வையே அழைத்தால், அதே பூட்டுக்குக் காத்து அப்படியே தொங்கிவிடும். அங்கே பூட்டைப் போடாத ‘ரிஜிஸ்டர்_நெட்டிவைஸ்’தான் வேண்டும். அப்புறம், பதிவு தோற்றால் ‘ஐபி லிங்க் ஆட்’ வழியில் கெர்னலே நினைவகத்தை விடுவிக்கும். மாட்யூல் வழியில் நாம்தான் விடுவிக்க வேண்டும்.

பதிவை வெளியே விட்டு செட்டப்பை மட்டும் பொதுவாக்கினால் போதுமா? எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. கெர்னலுக்கு பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பிப் பழகியவர்கள் சொல்லுங்கள். பாண்டி, கடலூர் பக்கம் இருந்தால் நேரில் வந்தும் என் நிரலைக் காட்டுகிறேன்.