மாம்பலம் ஸ்டேஷனும் ஞாயித்துக்கிழமையும்: எங்க தெரு குரூப்பில் ஓடின பேச்சு

குழு: மேற்கு மாம்பலம் – நம்ம தெரு
வெள்ளிக்கிழமை

ராஜி மாமி, காலை 7:42
எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை செங்கல்பட்டுலேர்ந்து தங்கை குடும்பம் தீபாவளித் துணி எடுக்க வர்றா. ரெண்டு சின்னக் குழந்தைகள். அவ மாமியாருக்கு முட்டி வலி. ட்ரெயின்ல வந்து ரங்கநாதன் தெரு போக முடியுமா, இல்ல கார்லயே வரச் சொல்லட்டுமா?

கார்த்திக் 2பி, காலை 7:50
கார் வேண்டவே வேண்டாம் மாமி. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு உஸ்மான் ரோடுல வண்டி நிறுத்த இடம் தேடியே அரை நாள் போயிடும். ட்ரெயின்தான் சரி. எத்தனை மணிக்கு வர்றாங்க, எந்த வழியா இறங்குறாங்கன்றதுலதான் எல்லாம் இருக்கு.

பாஸ்கரன் சார் (ரயில்வே ஓய்வு), காலை 8:15
மாமி, முதல்ல ஒண்ணு. ஞாயித்துக்கிழமை லோக்கல் ரயில் ஞாயிறு அட்டவணைப்படிதான் ஓடும். வார நாளை விட வண்டி குறைவு. செங்கல்பட்டுலேர்ந்து நேரா வர்ற வண்டி, தாம்பரத்துல கிளம்புற வண்டியை விட ஏற்கெனவே கம்மி. அதனால கையில நேர அட்டவணை இல்லாம ஸ்டேஷனுக்குக் கிளம்பச் சொல்லாதீங்க. பராமரிப்பு வேலைக்காக வண்டி ரத்துன்னு அறிவிப்பு வர்றதும் பெரும்பாலும் ஞாயித்துக்கிழமைதான். சனிக்கிழமை ராத்திரியே ஒரு தடவை பார்த்துடணும்.

காலை 9:30 மணிக்குள்ள மாம்பலத்துல இறங்கிட்டா நல்லது. பகல் 1 மணிக்குள்ள துணி எடுத்துட்டுக் கிளம்பிடலாம். சாயங்காலம் 4 மணிக்கு மேல குழந்தைகளோட அந்தப் படியில ஏறக்கூடாது.

ராஜி மாமி, காலை 8:19
படியா? தெருவுல கூட்டம்னுதானே எல்லாரும் சொல்றா?

பாஸ்கரன் சார், காலை 8:34
தெருவுல கூட்டம் மெதுவாவாவது நகரும். ஆபத்து படியிலயும் நடைமேம்பாலத்துலயும்தான். ஒரு கணக்குக்கு 12 பெட்டி வண்டியிலேர்ந்து 1,000 பேர் இறங்குறாங்கன்னு வச்சுக்கோங்க. ஒரு படிக்கட்டுல நொடிக்கு ரெண்டு பேர் மேல ஏற முடிஞ்சா, எல்லாரும் ஏறி முடிய 500 நொடி ஆகும், எட்டு நிமிஷத்துக்கு மேல. அதுவும் எதிர்ல யாரும் இறங்கலைன்னாதான். அதுக்குள்ள எதிர்ப் பக்கத்துலயும் ஒரு வண்டி வந்து நின்னா, பை தூக்கிட்டு வண்டியைப் பிடிக்க ஓடி இறங்குறவங்களும் இவங்களும் ஒரே படியில முட்டிக்குவாங்க. வண்டியை அதிகமா விட்டாலும் படி அகலமாகாது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் ஸ்டேஷன் மூச்சு விடும்.

கார்த்திக் 2பி, காலை 8:41
அதனால தங்கச்சிகிட்ட சொல்லுங்க மாமி: படிக்கு நேரா நிக்கிற பெட்டியில ஏற வேண்டாம். தள்ளி இருக்கிற பெட்டியில ஏறட்டும். இறங்கினதும் ஓரமா நின்னு கூட்டம் கலைஞ்ச பிறகு மேல ஏறட்டும். சில நிமிஷம்தான் வித்தியாசம்.

டிக்கெட் விஷயம். போய் வர டிக்கெட்டை செங்கல்பட்டுலயே எடுத்துட்டா சாயங்காலம் மாம்பலம் கவுன்டர் வரிசை மிச்சம். ரயில்வேயோட ரயில்ஒன் ஆப்ல எடுக்கறதா இருந்தா ஸ்டேஷனுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே எடுக்கணும், உள்ளே வந்துட்டா அங்க ஒட்டியிருக்கிற கியூஆரை ஸ்கேன் பண்ணித்தான் எடுக்க முடியும். டிக்கெட்டை ஆப்லயே காட்டணும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. போன்ல சார்ஜ் இல்லன்னா டிக்கெட் இல்லாத கணக்குதான்.

மீனா அக்கா, காலை 8:55
ஏசி லோக்கல்ல வரலாமே?

கார்த்திக் 2பி, காலை 9:02
2025 ஏப்ரல்ல விட்டாங்க. டிக்கெட் 35 ரூபாய்ல ஆரம்பிச்சு, பீச்–செங்கல்பட்டு முழுத்தூரத்துக்கு 105 ரூபாய். சாதாரண லோக்கல்ல குறைஞ்ச கட்டணம் 5 ரூபாய்தான். சாதாரண டிக்கெட்டோட ஏசில ஏறினா அபராதம். ஒரு நாளைக்கு சில தடவைதான் ஓடுது, ஞாயிறுக்கு இருக்கான்னு பார்த்துட்டுத்தான் நம்பணும். கதவு தானா மூடிக்கும், அதனால குழந்தைகள் முதல்ல, பை பிறகு.

அன்வர் பாய் (பை கடை), காலை 9:40
அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். மாமி, ஸ்டேஷன்லேர்ந்து ரெண்டு வழி. படியிறங்கி நேரா ரங்கநாதன் தெருவுக்குள்ள போகலாம். இல்லன்னா ஆகாய நடைபாதை. 2023 மே மாசம் திறந்தது, 570 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம், மேட்லி ரோடு பக்கம் போய் தி.நகர் பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் விடும். அந்த முனையில லிஃப்ட், எஸ்கலேட்டர் ரெண்டும் இருக்கு. தெருவோட தள்ளுமுள்ளு இல்லாம உஸ்மான் ரோடு முனைக்குப் போயிடலாம். பெரிய துணிக்கடைங்க அந்தப் பக்கம்தான். அங்கேர்ந்து வாங்க ஆரம்பிச்சு ஸ்டேஷனைப் பார்த்து வந்தா, கனமான பையோட ரொம்ப தூரம் நடக்க வேண்டாம்.

குழந்தைங்க கையில அப்பா போன் நம்பரை எழுதின பட்டை கட்டிடுங்க. தொலைஞ்சா சந்திக்க ஒரு இடத்தை முன்னாடியே பேசி வைங்க. அந்தக் கூட்டத்துல போன் கிடைக்காது, கிடைச்சாலும் சத்தத்துல கேக்காது.

மீனா அக்கா, காலை 9:48
மாமியாரை உங்க வீட்டிலேயே உட்கார வச்சுடுங்க மாமி. நம்ம பக்கம் ஸ்டேஷன் ரோடுல இறங்கினா கூட்டமே இல்ல, ஆட்டோ கிடைக்கும். புடவையை வீடியோ காலில் காட்டிக்கலாம்.

ராஜி மாமி, காலை 9:51
இதுதான் சரி. நல்ல யோசனை மீனா.

சுதா (கல்லூரி), காலை 10:20
ஒரு சந்தேகம் அன்வர் அங்கிள். ஆகாய நடைபாதை இருந்தும் ஏன் தெருவுல கூட்டம் குறையல?

அன்வர் பாய், காலை 10:47
நல்ல கேள்வி மா. ரங்கநாதன் தெரு கடையெல்லாம் ரயில்லேர்ந்து இறங்குறவங்களை நம்பி வளர்ந்தது. ஸ்டேஷன் முனையில என்ன விக்குதுன்னு பாரு: ஹேர்கிளிப், பிளாஸ்டிக் டப்பா, நைட்டி, பை, கொய்யா, மாங்காய்க் கீத்து. நடந்துக்கிட்டே எடுத்து, பேரம் பேசி, சில்லறை கொடுத்து, வண்டியில தூக்கிட்டு ஏறக்கூடிய சாமான். யோசிச்சு வாங்குற பட்டும் நகையும் பாத்திரமும் உள்ளே தள்ளி, மாடி மேல மாடியா. படிக்கு எத்தனை அடி தூரம்னு பார்த்துத்தான் ஒரு கடையோட மதிப்பே. வாங்க வர்றவங்களும் அந்தத் தெருவுக்காகத்தான் வர்றாங்க. மேல நடந்து தெருவைத் தாண்டிப் போறது, பஸ் மாற வேண்டியவங்களுக்கும் வேலைக்குப் போறவங்களுக்கும் பயன். அந்த அளவுக்கு அது நல்ல வேலை செய்யுது.

வண்டி வந்து ரெண்டு நிமிஷத்துல கடை வாசல்ல அலை மாதிரி வரும், பிறகு அடங்கும். கடைக்காரங்க சாப்பாட்டுக்கு ஆள் மாத்துறதே அந்த இடைவெளியில.

தேவி, காலை 11:05
கடையில வேலை செய்யுற பொண்ணுங்களையும் சேர்த்துக்குங்க அண்ணா. பல பேர் தாம்பரம், கூடுவாஞ்சேரி, அதுக்கும் அப்பால இருந்து வர்றாங்க. கடை மூடி, துணி மடிச்சு வச்சு வெளிய வர 10 மணிக்கு மேல ஆகுது. ஞாயித்துக்கிழமை ராத்திரி வண்டிக்கு வண்டி இடைவெளி அதிகம். ஒண்ணை விட்டா பிளாட்பாரத்துல ரொம்ப நேரம் நிக்கணும். வீடு எங்க வாடகைக்குப் பார்க்கறதுன்றதையே அந்தக் கடைசி வண்டிங்கதான் தீர்மானிக்குது. ஸ்டேஷன்லேர்ந்து ஷேர் ஆட்டோ இல்லாத ஊர்ல வீடு மலிவா கிடைச்சாலும் எடுக்க மாட்டாங்க.

பாஸ்கரன் சார், பகல் 12:10
தேவி சொல்றது ரொம்ப முக்கியம். நம்ம பேட்டையே இந்த லைனால உண்டானது. இப்ப தி.நகர் இருக்கிற இடம் நூறு வருஷத்துக்கு முன்னாடி ஏரி. 1920களில் அதைத் தூர்த்து மனை போட்டாங்க. லேக் வியூ ரோடு மாதிரி பேர்லதான் இப்ப அந்த ஏரி மிச்சம். 1931ல பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது. பாரிமுனையில வேலை, மாம்பலத்துல வீடுன்னு குடும்பம் நடத்த முடிஞ்சது அதனாலதான். 2004 வரைக்கும் மீட்டர் கேஜ், அதுக்கப்புறம் அகலப்பாதை.

அன்னைக்கு போட்ட கணக்கு ஆபீஸ் கணக்கு: காலையில வடக்கே, சாயங்காலம் தெற்கே, ஞாயிறு லீவு. பீச் ஸ்டேஷனுக்கோ கோட்டை ஸ்டேஷனுக்கோ அது இன்னைக்கும் பொருந்தும். மாம்பலத்துக்குப் பொருந்தாது. இங்க ஞாயிறுதான் உச்சம். கூட்டம் அதிகமான நாள்ல வண்டி குறைவு. ஒவ்வொரு வண்டியிலயும் ஆள் அடைஞ்சு வர்றாங்க, மொத்தமா இறங்குறாங்க, படி தாங்கல. பிரச்சினைக்கு வேர் அந்த அட்டவணையில இருக்கு.

வெங்கட் 1ஏ, பகல் 12:32
மழை பெஞ்சா இன்னும் மோசம் சார். துரைசாமி சுரங்கப்பாதையில தண்ணி நின்னா, நம்ம பக்கத்துலேர்ந்து தி.நகர் போக நடந்து கடக்கறவங்களும் ஸ்டேஷன் பாலத்துலதான் ஏறுவாங்க. தண்டவாளத்துக்கு அடியில பள்ளம், தண்ணி தானா வெளியேற வழியில்ல, மோட்டார் வச்சு இறைச்சு எடுக்கணும். எடுத்து விடுற கால்வாயே நிரம்பி இருந்தா மோட்டார் ஓடியும் பிரயோஜனம் இல்ல. தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே சமயத்துலதானே வருது.

பாஸ்கரன் சார், பகல் 12:58
மழைக்கு ஒதுங்கிப் படி மேல நிக்கிறதுதான் பெரிய ஆபத்து. மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன்ல 2017 செப்டம்பர் 29 காலையில நடந்தது அதுதான். மழைக்கு ஒதுங்கின கூட்டம் படியில நின்னுது, வண்டிகள் வந்து ஆளை இறக்கிக்கிட்டே இருந்தது, முன்னாடி நகர இடமில்ல. 23 பேர் போனாங்க. ராஜி மாமி, மழை வந்தா பிளாட்பாரக் கூரைக்கு அடியிலயே நிக்கச் சொல்லுங்க. படியில ஒரு நிமிஷம் கூட நிக்கக்கூடாது.

நம்ம லைன்லயே ஒரு பாடம் இருக்கு. 2018 ஜூலை 24, கோடம்பாக்கம்–மாம்பலம் இடையில மேல போற மின்கம்பி அறுந்தது. லோக்கல் வண்டிகளை எக்ஸ்பிரஸ் பாதைக்கு மாத்தி விட்டாங்க. தாமதத்தால கூட்டம் நெரிஞ்சு படிக்கட்டுல தொங்கினவங்க, பரங்கிமலை ஸ்டேஷன்ல பாதை ஓரத்துல இருந்த கான்கிரீட் சுவத்துல அடிபட்டு இறந்தாங்க. அந்தப் பாதையில லோக்கல் வந்தா எல்லா ஸ்டேஷன்லயும் நிக்காது, ஓர இடைவெளியும் வேற. "வேகப் பாதையில் வரும்"னு அறிவிச்சா, உள்ளே நிக்க இடம் இருந்தா மட்டும் ஏறணும்.

சுதா (கல்லூரி), பகல் 1:15
அப்போ நாம என்ன கேக்கலாம் சார்? கிண்டியில மெட்ரோ மாறுறது, வெளியூர் பஸ் ஸ்டாண்டு கிளாம்பாக்கத்துக்குப் போனதால வண்டலூர், தாம்பரத்துலேர்ந்து ரயில் ஏறுறதுன்னு இப்ப ஞாயிறு ராத்திரி வெளியூர்க் கூட்டமும் சேருதே.

பாஸ்கரன் சார், பகல் 1:50
சென்னைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு மனு எழுதலாம். நல்லா இருக்கணும்னா சுருக்கமா இருக்கணும். நான் நினைக்கிறது:

தீபாவளிக்கு முந்தின நாலு ஞாயிறு, பொங்கலுக்கு முந்தின ரெண்டு ஞாயிறு, வார நாள் அட்டவணைப்படி வண்டி ஓடணும். அது முடியாதுன்னா பகல் 11 மணிலேர்ந்து ராத்திரி 10:45 வரைக்குமாவது. அந்த ஞாயிறுகளில் பராமரிப்பு வேலை வைக்கக்கூடாது.

படியில ஏறவும் இறங்கவும் தனித்தனி வழி, நடுவுல தடுப்பு, ரெண்டு முனையிலயும் ரயில்வே பாதுகாப்புப் படை ஆள்.

தேவி, பகல் 1:58
10:45 போதாது சார். 11:30 வரைக்கும் எழுதுங்க. கடைப் பொண்ணுங்க வெளிய வர்றதே 10 மணிக்கு மேலதான்.

பாஸ்கரன் சார், பகல் 2:03
சரி மா. 11:30ன்னு மாத்திட்டேன்.

அன்வர் பாய், பகல் 2:20
பிளாட்பாரம் மாத்துற அறிவிப்பையும் சேர்த்துடுங்க சார். வண்டி உள்ளே வர்ற நேரத்துல மாத்திச் சொன்னா மொத்தக் கூட்டமும் பாலத்துல ஓடுது. அஞ்சு நிமிஷம் முன்னாடியாவது தமிழ்ல ரெண்டு தடவை சொல்லணும். தெரு வியாபாரிங்க கையெழுத்தை நான் வாங்கித் தர்றேன்.

வெங்கட் 1ஏ, பகல் 2:26
சுரங்கப்பாதை மோட்டார் மாநகராட்சி வேலை. அதுக்குத் தனி மனு நான் எழுதறேன். ரெண்டையும் ஒரே காகிதத்துல போட்டா ஒவ்வொரு ஆபீஸும் மத்ததைக் காட்டும்.

ராஜி மாமி, பகல் 3:05
முதல் கையெழுத்து என்னோடது. தங்கைகிட்ட எல்லாம் சொல்லிட்டேன், ஞாயிறு 9:30க்குள்ள இங்க இறங்கிடுவா. மாமியாருக்கு நம்மாத்துலதான் சாப்பாடு. மீனா, உன் சக்கர நாற்காலி ஸ்டேஷன் ரோடு வரைக்கும் கொஞ்சம் கிடைக்குமா?

மீனா அக்கா, பகல் 3:09
எடுத்துக்குங்க மாமி. பிரேக் இடது பக்கம் இறுக்கமா இருக்கு, ஞாயிறு காலைல எண்ணெய் விட்டுத் தர்றேன்.