போட்டிக்கு அல்ல, காட்சிக்கு மட்டும்: விதிகள் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பழைய கார் கண்காட்சியில் என் காரைப் போட்டியில் சேர்க்காமல் வெறும் காட்சிக்கு நிறுத்த விரும்புகிறேன். என்னிடம் இருப்பது 1957 ஷெவ்ரோலே பெல் ஏர். உறை போட்டு மூடி வைத்த கார் அல்ல. வாரந்தோறும் சாலையில் ஓடுகிறது. அதற்காகவே ரேடியல் டயர்களும் சீட் பெல்ட்டுகளும் போட்டேன். பிரேக் திரவத்தை அழுத்தி சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரையும் இரட்டை அறை கொண்டதாக மாற்றினேன். பழைய ஒற்றை அறையில் ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். அந்த அச்சத்தோடு குடும்பத்தை ஏற்றிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கப் பழங்காலக் கார் சங்கமான ஏ.ஏ.சி.ஏ.வின் 400 புள்ளிப் போட்டியில், கார் அசல் நிலையிலிருந்து மாறியிருந்தால் புள்ளி குறைப்பார்கள்; அதனால் அது இந்தக் காருக்கு ஒத்துவராது. ஓட்டும் கார்களுக்கென அங்கே டி.பி.சி. என்ற பிரிவு இருக்கிறது. ஆனால் அதிலும் சான்றிதழுக்காக நடுவர்கள் பார்ப்பார்கள். நான் கேட்பது வெறுமனே காட்சிக்கு நிறுத்துவதைப் பற்றி.

பானெட்டைத் திறந்தே வைக்க வேண்டுமா? மாற்றிய பாகங்களை அட்டையில் எழுதி வைப்பது வழக்கமா? தீயணைப்பான் இருக்கைக்கு அடியில் இருந்தால் போதுமா, அல்லது வெளியே சக்கரத்தின் அருகே கண்ணில் படும்படி வைக்க வேண்டுமா? போட்டிக் கார்களின் வரிசையில் இடம் கிடைத்தால், நடுவர்கள் குழம்பாதிருக்கக் கண்ணாடியில் ஏதாவது அடையாளச் சீட்டு ஒட்டுவார்களா?

முன் மட்கார்டில் கல் தெறித்த வடுக்கள் இரண்டு உண்டு. அவற்றை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அது ஓடிய காரின் தடம். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.