மெஸி பெர்குசன் 135 சிறு மாதிரிக்கு முன்சக்கர டயர் தேவை

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். உழவு இயந்திரங்களின் சிறு மாதிரிகளைச் சேர்த்து வருகிறேன். நெடுநாள் தேடிய மெஸி பெர்குசன் 135, போன வாரம் 1:32 அளவில் கைக்கு வந்தது. ஒருவர் பாவித்த பழையது. 1964இல் அறிமுகமான, மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பூட்டிய அதே இயந்திரம். கிளிநொச்சியில் அப்பா ஓட்டியதும் அதுதான். இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலில், பின்சக்கர மட்கார்ட்டில் ஏறி இருந்துகொண்டு நானும் கூடவே போவேன். ஒன்பது சென்ரிமீற்றர் நீளத்தில் அந்தச் சிவப்பை உள்ளங்கையில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

ஆனால் முன்சக்கர டயர் இரண்டும் வெடித்து, தொட்டாலே உதிர்கின்றன. வெளிவிட்டம் 23 மில்லிமீற்றர். புறக்கோட்டை விளையாட்டுப் பொருள் கடைகளில் ஏறி இறங்கிவிட்டேன், கிடைக்கவில்லை. பொம்மைக் கார்களின் டயர் அகலம் கூடியது. இந்த இயந்திரத்தின் ஒடுங்கிய முன்பக்கத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. முப்பரிமாண அச்சில் மெல்லிய ரப்பராகச் செய்து தருபவர்கள் கொழும்பில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

இன்னொன்று: பொனற் ஓரத்தில் வர்ணம் கொப்புளித்து வருகிறது. கடற்காற்றுக்குப் பயந்து கண்ணாடி அலுமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடுதான் வைத்திருக்கிறேன். புதிதாக வர்ணம் பூச மனமில்லை, பழைய சிவப்பு அப்படியே வேண்டும். மேலும் பரவாமல் காப்பது எப்படி?

இழுவைப் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) மாதிரி யாரிடமாவது இருந்தால், படத்தோடு விலையையும் அனுப்புங்கள்.